இரண்டு தோட்டத்துக் காய்

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை வாசலில் மினி லாரி நிற்கிறது. முன்பாதி அருணாவுடைய பெங்களூரா மாங்காய், பின்பாதி பக்கத்துத் தோட்டத்து வெங்கடம்மாவுடையது. உத்தனப்பள்ளியிலிருந்து ஆளுக்கொரு வண்டி பிடித்தால் கட்டுப்படியாகாதே, அதனால் சேர்ந்து ஏற்றுவதுதான் வழக்கம்.

பறிப்புக்கு முன் இருபது நாள் மருந்தே அடிக்கவில்லை என்று இருவரும் ஆலைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆனால் பழ ஈ மொய்க்கிறதே என்று பதறி, அருணாவும் அவள் புருஷனும் எட்டு நாளைக்கு முன்புதான் அடித்துத் தொலைத்தார்கள். காயைப் பார்த்து எவனுக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்! இந்த வருஷம் பார்த்தா ஆலைக்காரன் சோதனை மிஷின் வாங்கி வைக்க வேண்டும்? ஒரு வண்டிக்கு ஒரே சோதனை; மாட்டினால் வண்டியே திரும்பும், ஆலைக்குக் காய் போடுவோர் பட்டியலிலிருந்து பெயரையும் அடித்துவிடுவார்கள். முக்கால்வாசிக் காய் இன்னும் மரத்தில் தொங்குகிறது, அத்தனையும் மண்ணோடு போகும்.

ஆலையின் சோதனைக்காரர் ஆனந்த் பையோடு வந்து முன்பக்கத்தில் கால் வைத்தார். அருணாவுக்கு உயிரே போய்விட்டது.

"சார், முன்னாடி கயிறு கட்டியிருக்குங்க. பின்னாடி எடுத்துக்குங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் நிற்கும் வெங்கடம்மா சுத்தமான மனுஷி, அவள் காயில் என்ன இருக்கப்போகிறது? ஆனந்த் பின்னால் போய் நாலு காய் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டு மணி நேரம். வெங்கடம்மா லாரியில் சாய்ந்து தலையைக் குனிந்தபடி நின்றாள். வெயிலுக்குச் சோர்ந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டாள் அருணா.

ஆனந்த் காகிதத்தோடு வந்தார். "பின்னாடி காய் யாருதும்மா? மருந்து இருக்கு."

வெங்கடம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரேவாட்டி அடிச்சிட்டேன் சாமி, ஈ விடலீங்க..." என்று அழுதவள், அருணாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, என்னால இவளுதும் கெட்டுதே! இவ அடிக்கமாட்டா சார். என் பேரை அடிச்சிக்குங்க, இந்தப் புள்ளைய விட்டுடுங்க."

அடிப்பாவி, நீயுமா! என்று நினைத்தாள் அருணா.

ஆனந்த் இளகிப்போனார். "சரிம்மா. கயித்த அவுத்து முன்னாடி நாலு காய் எடுங்க, தனியா பாத்துடறேன். நல்லாருந்தா உங்களுத இறக்கிக்கலாம்."

நல்ல மனுஷன், நல்லதுக்குத்தான் சொன்னார். அருணா லாரிக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"வேணாங்க சார்."

"ஏம்மா? உங்களுக்கு நல்லதுதானே?"

"வேணாம் சார். திருப்பி எடுத்துட்டுப் போயிடறோம்."

ஆனந்த் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு பட்டியலைப் பிரித்துப் பேனாவைத் திறந்தார்.

வெங்கடம்மா அழுகையை நிறுத்தினாள். பிடித்திருந்த கையை விட்டாள்.

"அப்ப உன்னுதுல மருந்துன்னு தெரிஞ்சேதான் என் காயைக் காட்டினியா கண்ணு?"