நாற்பத்தெட்டாவது மணி

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இன்குபேட்டரைத் திறந்தபோது விநிதாவின் கண்ணில் முதலில் பட்டது குமிழிதான். வரிசையாக நின்ற ஐந்து கண்ணாடிக் குழாய்களில் நான்கு கலங்கிப் போயிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் தலைகீழாகக் கவிழ்த்து வைத்த குட்டிக் குழாயின் உச்சியில், நகம் அளவுக்குக் காற்று சேர்ந்திருந்தது. மனிதக் கழிவோ மாட்டுச் சாணமோ கலந்த தண்ணீரில்தான் அப்படிச் சேரும். குழாய்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்தால் குமிழி போய்விடுமா என்ன? பக்கத்தில் திறந்து கிடந்த பதிவேட்டில் அதே குழாய்களுக்கு நேரே, சனிக்கிழமைக் கட்டத்திலும் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் ‘குமிழி இல்லை’ என்று எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் நேற்று புலிலேகா ஊர் அம்மன் கோயில் தீமிதியில் முந்நூறு பேருக்கு மேல் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தார்கள்.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். தண்ணீரைக் குழாயில் ஊற்றி வைத்தால் இருபத்துநான்கு மணி நேரம் கழித்து ஒருமுறை, நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பார்க்க வேண்டும். சில கிருமிகள் சோம்பேறிகள், இரண்டாம் நாள்தான் வேலையைக் காட்டும். ஆய்வகத்துக்கு வண்டி கிடைப்பது வெள்ளிக்கிழமை மட்டும். வெள்ளிக்கிழமை எடுத்த தண்ணீருக்கு இரண்டாம் நாள் ஞாயிறு. போன வருடம் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபின், ஞாயிறு ஆண்டவருடைய நாள், அன்றைக்கு எவனும் வேலை செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரியை விட்டுவைத்தார்கள். ஊர்க்கோடியில் ஒற்றை அறையில் இருந்த இந்த ஆய்வகம் அலுவலகமாம், அதனால் பூட்டு. திறக்க அனுமதி கேட்டுத் தலைநகர் சுவாவுக்கு மூன்று கடிதம் போயிற்று. பதிலே இல்லை. வேடிக்கையைக் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை தீ மிதிக்கக் கோயிலுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. தண்ணீர் சுத்தம் என்று ஆய்வகம் சான்று தர வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. எல்லாருக்கும் உத்தரவைப் படித்துக் காட்டியவர்கள் கிருமிக்கு மட்டும் படித்துக் காட்ட மறந்துவிட்டார்கள்.

இரண்டு கட்டத்தையும் சனிக்கிழமையே நிரப்பிவிடும் வழக்கத்தை ஆரம்பித்தவர் தலைமை அதிகாரி யோகேந்திரா. நல்ல மனிதர், கெட்டிக்காரர். முதல் தடவை அப்படி எழுதுமுன் அவர் பேனாவை இரண்டு முறை மூடித் திறந்ததை விநிதா பார்த்தாள். மூன்றாவது தடவை மூடவில்லை. நான்கு மாதத்துக்கு முன் அவர் சிட்னிக்குப் போய்விட்டார். அவருக்கு முன்னே இரண்டு பேர், பின்னே ஒருவர். கடைசியில் வடக்குத் தீவு முழுவதற்கும் இந்தக் குழாயைப் பார்த்துச் சொல்ல விநிதா ஒருத்திதான் மிச்சம்.

அவளும் கிளம்புகிறவள்தான். கணவன் கௌஷல் வான்கூவரில் யாருடைய வீட்டு அடித்தளத்திலோ படுத்துக்கொண்டு அவளுக்காகவும் நான்கு வயது ரினலுக்காகவும் காத்துக்கொண்டிருந்தான். விசா மாதக் கடைசி வரை. விமானம் அடுத்த வாரச் சனிக்கிழமை. வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதம் கைப்பைக்குள் இருந்தது. அதன் கடைசி வரியை அவள் பலமுறை படித்திருக்கிறாள்: நோய் பரவும் நிலை ஏற்பட்டால் இந்த அனுமதி ரத்தாகும். குமிழியைப் பார்த்த நிமிடத்தில் அவளுக்குப் பயம் வந்தது அந்த முந்நூறு பேரை நினைத்தல்ல, அந்த வரியை நினைத்துத்தான். அதற்காக அவள் பிற்பாடு தன்னையே வெறுத்தாள். ஆனால் முதலில் நினைத்தது அதைத்தான்.

மேலிடத்துக்குச் சொல்லாமல் விட ஒரு சாக்கும் இருந்தது. எழுபத்திரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தது கணக்கில் சேராது என்று புத்தகமே சொல்கிறது. குழாய்களைக் கொட்டி வெந்நீரில் கழுவினால் முடிந்தது. ஆனால் தண்ணீர் அதற்குள் கோயில் தொட்டியை விட்டுப் போய்விட்டது. தீமிதி முடிந்ததும் கோயில் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு எல்லாருக்கும் தீர்த்தம் ஊற்றுவார்கள். அதை யாரும் அங்கேயே குடித்துத் தீர்த்துவிட மாட்டார்கள். பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் பித்தளைச் சொம்பில் வைத்துக்கொண்டு, காய்ச்சல் வந்தால் ஒரு மூடி, கெட்ட கனா வந்தால் ஒரு மூடி என்று மாதக் கணக்கில் குழந்தைகள் வாயில் விடுவார்கள். கோயில் தொட்டியில் எவ்வளவு மருந்துத்தூள் கொட்டினாலும் அந்தச் சொம்புகளுக்கு அது எட்டுமா? ரேடியோவில் சொல்ல வேண்டும். ரேடியோவில் சொல்ல அவள் கையெழுத்து வேண்டும்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் முதலில் தன் வீட்டுச் சொம்பைக் கொட்டினாள். ரினலுக்கு இன்னும் கொடுத்திருக்கவில்லை. பிறகு மருந்துத்தூளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அவள் அப்பா ஏழுமலை அங்கே ஒற்றையாளாகத் தீக்குழியின் சாம்பலை வாரிக்கொண்டிருந்தார். மகளுக்கு விசா கிடைத்தால் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டு, பத்து நாள் உப்பில்லாமல் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருந்த மனிதர். தீர்த்தத்தை ஊற்றியதும் அவர் கைதான்.

விநிதாவுக்குத் தமிழ் காதில் ஏறிய அளவுக்கு வாயில் வராது. கெட்டுப்போனது என்று சொல்ல வார்த்தை அகப்படாமல் அதை மட்டும் இந்தியில் சொன்னாள். “பப்பா, அந்தத் தண்ணி கந்தா. நா பாக்காமலே கையெழுத்து போட்டேன்.”

ஏழுமலை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். என்ன வியாதி வரும் என்று கேட்டார். டைபாய்டு வரலாம், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து என்றாள். இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்றாள்.

“எழுதுனா ஒன்ன வுட மாட்டாங்களா?”

“வுட மாட்டாங்க.”

அவர் இன்னும் ஒரு கூடைச் சாம்பலை வாரிப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். “எழுதாத மவளே. நீ போ. தண்ணிய நா கொட்ட வெக்கறேன்.”

எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை.

“ஆத்தா தீர்த்தத்துல கிருமின்னா எவன் கேப்பான்? என்னத்தான் அடிப்பான். தோஷம்னா ஒடனே கொட்டிடுவான்.”

மறுநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீடு வீடாகப் போய்ப் படியேறாமல் வாசலில் நின்று, விரதத்தில் இருக்கும்போது தான் திருட்டுத்தனமாக நங்கோனா என்கிற போதை வேர்ச்சாற்றைக் குடித்துவிட்டதாகவும், அந்தக் கையால் ஊற்றிய தீர்த்தம் தீட்டாகிவிட்டதாகவும் சொன்னார். வாழை மரத்தடியில் கொட்டிவிடச் சொன்னார். அந்த மனிதர் ஆயுளில் நங்கோனா கிண்ணத்தைத் தொட்டதில்லை, நாற்றமே ஆகாது. கரும்பு வெட்டுகிறவர்கள் வேலை முடிந்து வட்டமாக உட்கார்ந்து குடிக்கும்போது அவர் மட்டும் எழுந்து போய்விடுவார். ஆனாலும் எல்லாரும் நம்பினார்கள். கெட்டதைச் சொன்னால் நம்புவதற்கு யாருக்கும் சான்றிதழ் தேவைப்படுவதில்லை. விநிதா படித்த எட்டு வருடப் படிப்பால் கொட்ட முடியாத தண்ணீரை ஒரு பொய் வீடு வீடாகக் கொட்டிக்கொண்டே போயிற்று.

அதற்கான கூலியும் கிடைத்தது. கோயில் தலைவர் வீரசாமி அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அந்த வீரசாமி ஊர் நடுவில் அவர் முகத்தில் காறித் துப்பினார். கமிட்டியிலிருந்து பெயரை எடுத்தார்கள். இனிமேல் கோயில் படியை மிதிக்கக் கூடாது என்றார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். விநிதா இதையெல்லாம் மார்க்கெட்டில் மற்றவர்கள் வாயால் கேள்விப்பட்டாள். வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது, அதுதான் இன்னும் வெட்கம். சாயங்காலங்களில் பெட்டி கட்டினாள். ரினலுக்குக் கம்பளிச் சட்டை வாங்கினாள்.

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை ஏழுமலை அவள் வீட்டுக்கு வந்தார். புலிலேகா முடிந்தது, அக்கம்பக்கமும் முடிந்தது, பாக்கி ட்ரெகேட்டி மட்டும்தான் என்றார். நெல் போடுகிற ஊர், தொலைவு. அங்கிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் தீமிதிக்கு வந்திருந்தார்கள். நாளை முதல் பஸ்ஸில் போய்விடுவதாகச் சொன்னார். கண் சிவந்திருந்தது. அந்தப் புழுக்கத்திலும் துண்டைக் கழுத்தோடு சுற்றியிருந்தார். அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள், கொதித்தது. வெயிலில் சைக்கிள் மிதித்தது என்று கையை இழுத்துக்கொண்டார். தீ மிதித்தவர்கள்தான் அந்தத் தண்ணீரை அதிகம் குடித்தவர்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வா என்று அவள் கெஞ்சியதை அவர் காதிலேயே வாங்கவில்லை. போனால் ரத்தம் எடுப்பார்கள், அது அவள் மேஜைக்குத்தான் வரும்.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள். பத்து மணிக்குச் சுகாதார ஆய்வாளர் செமிசி வந்தான். சாவியை அவனிடம்தான் ஒப்படைக்க வேண்டும். நல்ல பையன், அவள் போகிறாளே என்று மனைவியிடம் சொல்லிப் பாய் ஒன்று பின்னி வாங்கி வந்திருந்தான். பாயை மேஜைமேல் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன புட்டியை எடுத்து அவளிடம் நீட்டினான். காலைப் பஸ் டிரைவரிடம் நர்ஸ் கொடுத்து அனுப்பிய ரத்தம். சீட்டில் எழுதியிருந்தது: ரஞ்சனா, வயது நான்கு, ட்ரெகேட்டி, மூன்று நாளாகக் காய்ச்சல்.

அப்பா இந்நேரம் அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பார். ஏதாவது ஒரு வாசலில் நின்று தன் பொய்யைச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வாசல் இந்தக் குழந்தையின் வீட்டு வாசலாக இருந்துவிடக் கூடாது என்று விநிதா வேண்டிக்கொண்டாள்.

கை தானாக வேலை செய்தது. ரத்தத்தைச் சத்து நீரில் கலந்து, மூடி, பெயர் ஒட்டி இன்குபேட்டருக்குள் வைத்தாள். பதிவேட்டைத் திறந்து பெயரும் வயதும் ஊரும் எழுதினாள். அதற்கு அடுத்தது சனிக்கிழமைக் கட்டம். நாளை இந்நேரம் நாடி நகரத்து விமான நிலையத்தில் அவள் காத்திருப்பாள். அதற்கும் அடுத்த கட்டம் ஞாயிறு.

செமிசி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். “சண்டே கே கவுன் தேக்கி?” ஞாயிற்றுக்கிழமை இதை யார் பார்ப்பது என்று விகற்பம் இல்லாமல்தான் கேட்டான். கேட்டுவிட்டுச் சாவிக்காகக் கையை நீட்டினான்.

மேஜையின் இந்த மூலையில் சுவாவுக்குச் சொல்லத் தொலைபேசி இருந்தது. அந்த மூலையில் பாயும் அவள் கைப்பையும் இருந்தன. விநிதாவின் இடது கைக்குள் சாவி வியர்வையில் நனைந்திருந்தது. வலது கையில் பேனா, பார்க்காமலே எழுதிப் பழகிய அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்துக்கு மேலே நின்றது. இன்குபேட்டரின் சிவப்பு விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது, உள்ளே சூடு ஏறத் தொடங்கியிருந்தது. செமிசி கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தான்.