ஏஜென்சி சொன்னபடி

பணிப்பெண் வைத்துப் பழக்கமே இல்லாத குடும்பம். அதனால் ஏஜென்சிக்காரி ரூபினி சொன்னதையெல்லாம் ஷாமளா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பதினோரு மாதக் குழந்தை லோஷினியைப் பார்த்துக்கொள்ள ஜாவாவிலிருந்து சுமியாத்தி வந்து இறங்கிய அன்றே, ஜொகூர் பாரு ஆபீசில் உட்காரவைத்துப் பாடம் நடத்திவிட்டாள் ரூபினி.

"முகத்தைப் பார்த்து ஏமாந்துறாதீங்க லா. பகல்ல அவ போனை வாங்கிப் பூட்டி வச்சிருங்க. பக்கத்து வீட்டோட பேச விடாதீங்க, அங்கதான் ஆளு கெடும். வேலைக்குப் போறப்ப கேட்டைப் பூட்டிட்டுப் போங்க. எத்தனை பேரு ஓடிப்போயிருக்காங்கன்னு எனக்குத்தான் தெரியும்."

ஓடிப்போவது என்ற பேச்சு ஷாமளாவின் மனதில் ஒட்டிக்கொண்டது. கணவன் ரூபேந்திரனுக்குக் கப்பலில் வேலை. அவளுக்கோ தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூரில். ஜொகூர் பாருவை அடுத்த மாசாய் வீட்டில் பிள்ளையோடு முன்பின் தெரியாத ஒருத்தி. பயப்படாமல் எப்படி இருப்பாள்? பக்கத்து வீட்டு வெள்ளையம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இவ பேரு என்னம்மா?" என்று ஆசையாகக் கேட்டபோதுகூட, சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெள்ளையம்மாவுக்கு மூஞ்சியில் அடித்தாற்போல் ஆகிவிட்டது.

ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளையில், போனில் வீட்டுக் கேமராவைத் திறந்தாள். ஹாலில் யாருமில்லை. டிவி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தொட்டில் காலி. வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

யாருக்குப் போன் பண்ணுவது? சுமியாத்தியின் போன் அலமாரிக்குள், அவளே பூட்டி வைத்தது. வெள்ளையம்மாவின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றியதே இல்லை. ரூபினியைத்தான் கூப்பிட்டாள்.

"அலமாக்! ஓடிட்டாளா? நான் அப்பவே சொன்னேன்ல! போலீஸ்ல ரிப்போர்ட் போடுங்க."

பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, புண்ணியவதி. உடனே பஸ் பிடித்துக் கிளம்பினாள்; சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்கு வரும் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறாரே என்ற கூச்சம்கூட இல்லாமல் ஷாமளா அழுதாள். சுமியாத்தியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். பிறகு, பிள்ளையை மட்டுமாவது விட்டுவிட்டுப் போயிருக்கட்டும் என்று சாமியிடம் கெஞ்சினாள். ஜொகூர் பாருவில் நிறுத்தியிருந்த காரை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

வீட்டு கேட்டில் பூட்டு அப்படியே தொங்கியது. உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் சுமியாத்தி. கையில் பிள்ளை இல்லை.

"பிள்ளை எங்கடி?" ஷாமளா தமிழிலேயே அலறினாள்.

அந்தக் கேள்வி புரியப் பாஷை தேவைப்படவில்லை. சுமியாத்தி மலாயில் மூச்சுவாங்கச் சொன்னாள். திடீரென்று காய்ச்சல் ஏறி, கண் செருகி, பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. இவள் போட்ட கூச்சலில் வெள்ளையம்மா ஓடிவந்தார். இவள் நாற்காலியில் ஏறி, கம்பி வைத்த சுவருக்கு மேலே பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாள். அவர் காரில் போட்டுக்கொண்டு கடைத்தெரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார்.

சொல்லிக்கொண்டே கம்பிக்கு இடையே ஒரு பையை நீட்டினாள். பால் புட்டியும் மாற்றுத்துணியும் எடுத்து வைத்திருந்தாள். இரண்டு முழங்கையிலும் சிராய்த்து ரத்தம் காய்ந்திருந்தது. ஷாமளா பையைப் பிடுங்கிக்கொண்டு காருக்கு ஓடினாள்.

கிளினிக்கில் வெள்ளையம்மாவின் தோளில் லோஷினி தூங்கிக்கொண்டிருந்தாள். இனிப் பயமில்லை, உடனே தூக்கிக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர். ஷாமளா பிள்ளையை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டு விம்மினாள். போன உயிர் திரும்பி வந்தது.

"ஒன்னும் இல்லம்மா, அழாத." வெள்ளையம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார். "அந்தப் பொண்ணு எங்க? பிள்ளையைக் கொடுத்துட்டு, தானும் வரேன்னு அந்தக் கம்பியில ஏறப் பார்த்தா. முடியல, பாவம். நீ கூட்டிட்டு வரலையா?"

கேட் பூட்டின் சாவி ஷாமளாவின் கையில்தான் இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை சிவந்திருந்தது. சுமியாத்தியின் முகத்துக்கு நேரே நின்றபோதும் இதே சாவி இதே கையில்தான் இருந்தது. வெட்கத்தில் அவளால் தலை நிமிர முடியவில்லை.

"பூட்டைத் திறக்காமலே வந்துட்டேன், ஆன்ட்டி," என்றாள்.