ஐந்தாம் நாள் அட்டை

எங்கள் யூதப் பண்டிகையான ஹனுக்காவின் எட்டு நாளில் ஏழு நாள் குழந்தைகளுக்குப் பொம்மை. ஐந்தாம் நாள் மட்டும் என்னுடையது. அன்று தங்கை ரேனாவின் பிள்ளைகள் பெயரில் ஏதாவது தர்மத்துக்குப் பணம் அனுப்பிவிடுவேன். அவர்கள் கைக்கு ஒரு நன்றி அட்டைதான் வரும்.

"ஊருக்கெல்லாம் கிஃப்ட்டு, எனக்கு வெறும் பேப்பரா? சரியான கஞ்சம் பெரியம்மா நீங்க!" என்று போன வருடம் எய்தன் கேலி செய்தான். ஒன்பது வயது. பிறகு அவனே நாய்கள் காப்பகத்தைத் தேர்ந்தெடுத்தான். "போர்வை சிவப்பாத்தான் இருக்கணும்னு எழுதுங்க. குளிர்ல நடுங்குற நாய்க்குப் போய் யாராச்சும் சாம்பல் கலர் குடுப்பாங்களா?"

ஏப்ரலில் ஒரு காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு ரேனா அவன் பெயரைச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

இந்த வருடமும் காப்பகத்தின் படிவத்தை நிரப்பினேன். சின்னவள் தல்யாவின் பெயர், அடுத்து அவன் பெயர். எதிரே இரண்டு கட்டங்கள்: 'அன்பளிப்பாக', 'நினைவாக'. இரண்டாவதில் குறியிட எனக்குக் கை வரவில்லை.

ஐந்தாம் நாள் மாலை, ரேனாவின் வீடு. மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. உருளைக்கிழங்கு அடை தின்ற எண்ணெய்க் கையோடு தல்யா தபால் உறையைப் பிரித்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"'அன்புள்ள எய்தன், இனிய பண்டிகை வாழ்த்துகள்...' அம்மா, அண்ணா இல்லைன்னு இவங்களுக்குத் தெரியாதா?"

ரேனா அட்டையை வாங்கிப் பார்த்தாள். "அக்கா, எந்தக் கட்டத்துல டிக் பண்ணின?"

"தப்புதான்டி. இன்னொண்ணுல பண்ணா..."

"பண்ணாத்தான் அவன் செத்துப்போவானா?"

அவள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விளக்கு எரியும் வரை எங்கள் வீட்டுப் பெண்கள் எந்த வேலையும் செய்வதில்லை, பேனாவைக்கூடத் தொடமாட்டோம். அந்த அரைமணி நேரமும் நான் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழித்தெறிந்துவிடுவாளோ? இனி இந்த வீட்டுப் படியேற விடமாட்டாளோ?

கடைசித் திரியும் அணைந்தது. ரேனா எழுந்துபோய்ப் பேனா எடுத்துவந்தாள். வாழ்த்து வரியை அடித்துவிட்டு, அதற்கு மேலே எழுதினாள்: 'எங்கள் எய்தனின் நினைவாக.'

"இதை அவங்களுக்கே திருப்பி அனுப்புக்கா. மாத்தச் சொல்லு. சரியா எழுதினாத்தான் இந்தத் தர்மம் எய்தனுக்குப் போய்ச் சேரும்."

பெயரைச் சொன்னதும் குரல் உடைந்தது. என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

தல்யா அட்டையை எட்டிப் பார்த்தாள். "சிவப்புப் போர்வைன்னு எழுதலியேம்மா?"

ரேனா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் எழுதினாள்.