புளிக்காய்ச்சலுக்கு டெண்டர்

யதிராஜன் ரிட்டயர் ஆன விஷயம் ஆபீசுக்குத் தெரியும், பென்ஷன் போடுகிறவர்களுக்குத் தெரியும், ஸ்ரீரங்கம் தெற்கு உத்திர வீதி முழுக்கத் தெரியும். அவருக்கு மட்டும் யாரும் சரியாக எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. முப்பத்து நாலு வருஷம் ஒரு பெரிய தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவில் உட்கார்ந்து, ஆணி வாங்குவதற்கும் அறுபது பக்கம் எழுதியவர். துறையூரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு சப்ளையரை, கவரில் சீல் கோணலாக இருக்கிறது என்று அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பியவர். அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

அப்படிப்பட்டவரிடம் போய் அவர் மனைவி ஹம்ஸா சித்திரை மாதம் ஒரு நாள் யோசனை கேட்டாள்.

"ஏன்னா, நான் பண்ற புளிக்காய்ச்சலை ஆன்லைன்ல விக்கலாம்னு இருக்கேன். எந்த சைட்ல போட்டா நன்னா போகும்னு பார்த்துச் சொல்லுங்கோளேன். புரட்டாசிக்குள்ள ஆரம்பிச்சுடணும்."

புரட்டாசி சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வீடு புளியோதரை கிளறுவார்கள். அவள் நாள் பார்த்துத்தான் கேட்டாள்.

ஹம்ஸாவுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. கல்யாணமான புதிதிலிருந்தே சொந்தமாக ஒரு வியாபாரம் செய்ய வேண்டும் என்று ஆசை. அப்போதெல்லாம், "குடும்பத்துல யாராவது வியாபாரம் பண்ணினா ஆபீசுக்கு எழுதிக் குடுக்கணும், எதுக்கு வம்பு?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார். சரி, ரிட்டயர் ஆகட்டும் என்று காத்திருந்தாள். எதற்காகவும் யாரும் அவ்வளவு காத்திருக்கக் கூடாது.

யதிராஜனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றே கடைக்குப் போய்ப் பச்சை ஃபைல் ஒன்று வாங்கினார். பேர் போன ஐந்து ஆன்லைன் கடைகளை எடுத்துக்கொண்டார். கமிஷன் எத்தனை சதவீதம், பாட்டில் உடைந்தால் யார் பொறுப்பு, வாங்கினவன் திருப்பி அனுப்பினால் கூரியர் செலவு யார் தலையில் என்று ஐந்துக்கும் கட்டம் போட்டார். அதோடு விட்டாரா? ஐந்து கம்பெனிக்கும் 'கொட்டேஷன் அனுப்பவும்' என்று மெயில் தட்டி, பதினைந்து நாள் கெடுவும் கொடுத்தார். உலகமெல்லாம் சரக்கு விற்கிற கம்பெனிகள் தெற்கு உத்திர வீதிக்கு சீல் வைத்த கவர் அனுப்பவில்லை. 'பதில் இல்லை, அலட்சியம்' என்று ஃபைலில் எழுதிவிட்டுக் கெடுவை நீட்டித்தார்.

ஆனி போயிற்று, ஆடியும் போயிற்று. முடிவுக் குறிப்பின் அடியில் மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்: சிபாரிசு செய்பவர், சரிபார்ப்பவர், அனுமதிப்பவர். மூன்று பேரும் அவரேதான். அப்படியும் மூவருக்குள் ஒத்துப்போகவில்லை.

"ஏதாவது ஒண்ணுல போட்டுப் பார்ப்போமே. சரிப்படலைன்னா மாத்திண்டா போச்சு," என்றாள் ஹம்ஸா.

"நாளைக்கு ஆடிட்ல கேட்டா என்ன பதில் சொல்றது?"

"நம்மாத்துக்கு யாருன்னா ஆடிட் வரப் போறா?"

சர்வீஸ் முழுக்க இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. பேப்பரைப் பிரித்து முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு ஹம்ஸா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. காலையில் தளிகையை முடித்து வைத்துவிட்டு, பெருமாள் சேவித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினால், கீழச் சித்திரை வீதியில் சிநேகிதி சத்யபாமா வீட்டுக்கும் போய்விட்டு மத்தியானம்தான் திரும்பினாள். நச்சரிப்பு நின்றதில் அவருக்குப் பரம திருப்தி.

புரட்டாசியும் பிறந்தது. யதிராஜன் அப்போதுதான் சாம்பிள் கட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். எந்தக் கடை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுக்கிறது என்று பார்க்க, ஐந்திலும் ஒவ்வொரு புளிக்காய்ச்சல் பாட்டில் ஆர்டர் செய்தார். ஒன்று மூடி திறந்து வந்தது. ஒன்று வரவேயில்லை, ஆனால் கொடுத்தாகிவிட்டது என்று மெசேஜ் வந்தது. ஒன்று பாயசம் மாதிரி தித்தித்தது. ஒன்றில் பூண்டு! புளியோதரையில் பூண்டு போட்டவனை யதிராஜன் அட்டவணையிலிருந்தே அடித்துவிட்டார். ஐந்தாவது 'காவேரி தளிகை'. ஸ்ரீரங்கத்துச் சரக்குதான். சென்னைப் பக்கம் ஏதோ குடோனில் படுத்து எழுந்து, நாலு நாள் கழித்து ஸ்ரீரங்கத்துக்கே திரும்பியிருந்தது. பாட்டிலில் ஒரு பொட்டு எண்ணெய் கசியவில்லை.

சாதத்தில் பிசைந்து, இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

"எப்படின்னா இருக்கு?" என்று கேட்டாள் ஹம்ஸா.

"வெந்தயம் கருகல். கடைச் சரக்கு கடைச் சரக்குதான்."

"ஓஹோ," என்றாள்.

கை அலம்பிய கையோடு அந்தக் கடையில் ரிவ்யூ எழுதினார். நாற்பத்தெட்டு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்த இடத்தில் இவர் இரண்டு போட்டார். 'வெந்தயம் கருகியுள்ளது. பக்குவம் போதாது. என் மனைவி செய்யும் புளிக்காய்ச்சலுக்கு இது கால் தூசு பெறாது. திருச்சி ஜில்லாவிலேயே அவள் கைக்கு ஈடு கிடையாது.' அனுப்பிவிட்டு, தன் நேர்மையைத் தானே மெச்சிக்கொண்டு கட்டையைச் சாய்த்தார்.

நாலு மணிக்கு எழுந்தபோது போனில் விற்பனையாளரின் பதில் வந்திருந்தது.

'ஐயா, வணக்கம். வெந்தயம் கருகவில்லை. இதுவும் உங்கள் மனைவியின் கைப்பக்குவம்தான். ஆவணியிலிருந்து சத்யபாமா வீட்டு அடுப்பில் கிளறி அனுப்புகிறேன். அவள் கைக்கு ஈடு கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவளிடம் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. ஊருக்காவது சொன்னீர்களே, நன்றி. இப்படிக்கு, ஹம்ஸா, காவேரி தளிகை.'

யதிராஜன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார். கோபப்படலாமா என்று முயன்று பார்த்தார். வெட்கம்தான் வந்தது, அதுவும் கொஞ்சநஞ்சமில்லை.

எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றார். காபி கலந்துகொண்டிருந்த ஹம்ஸா திரும்பிப் பார்த்தாள். சொல்லுங்கள் என்கிற மாதிரி காத்திருந்தாள். ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதிப் போட்ட அந்த ஒரு வாக்கியத்தை, நாலடி தூரத்தில் நிற்கிறவளிடம் வாயால் சொன்னால் போதும். அவருக்கும் அது தெரிந்திருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வெந்தயம்... அப்படியொண்ணும் கருகலை," என்றார்.