வாய் வரைக்கும்

மாமனாரின் காரில் எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்ததைப் பார்த்ததும் மெக்கானிக்குக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவைப் போன மாதம்தான் புதிதாக மாற்றியிருந்தான். குழாய்களுக்குள் புகை விட்டுப் பார்த்தான், எங்கும் கசியவில்லை. டப்பாவைக் கழற்றிக் கவிழ்த்தால் பெட்ரோல் கொட்டியது. ஆவி மட்டுமே போகவேண்டிய இடம் அது.

"மாமா, பங்க்ல குழாய் தானா நின்ன பிறகும் ஊத்தச் சொல்றீங்களா?"

"ஆமா மாப்ள. வாய் வரைக்கும் ஊத்தச் சொல்வேன்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! வழியிற பெட்ரோல்ல டப்பா நனைஞ்சு நாசமாப் போகுது. அப்படி எங்கதான் போறீங்க?"

"எங்கயும் போகல." மாமனார் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார். "உங்க அத்தைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப, பாதி வழியில பெட்ரோல் தீர்ந்துதானே நின்னோம். அவ பின்சீட்லயே போயிட்டா."

மெக்கானிக் வேறு டப்பாவை மாட்டி, விளக்கை அணைத்து, சாவியைக் கொடுத்தான்.

கார் தெருமுனை வரை போனது. அங்கே திரும்பி, நேராகப் பங்க்குக்குள் நுழைந்தது.