ஹீட்டர் காற்று

சிவகாசிப் பக்கம் வந்து வண்டிக்கு ஹீட்டர் என்று யாராவது வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் சூட்டுக்கு என்ன பஞ்சம்? எம். புதுப்பட்டிக்கு ரோடு பிரியும் விலக்கில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் மாரிக்கண்ணனும் அப்படித்தான் சிரித்தான். சிரித்ததோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

புரட்டாசி பிறந்த கையோடு கருப்பணன் தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏழாயிரம்பண்ணையிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றி இறக்கும் வேன். ஹீட்டர் ஃபேன் ஓடமாட்டேன் என்கிறது, என்னவென்று பார் என்றார். மாரிக்கண்ணன் ஃபியூஸை உருவிப் பார்த்தான், நன்றாக இருந்தது. ஸ்விட்சைத் திருகினான், கரண்டைத் திறந்துவிடும் ரிலே டக்கென்றது, ஃபேன் அசையவில்லை. இனி டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து மோட்டாரைக் கழற்ற வேண்டும். அதற்கு அவனுக்கு உடம்பு வணங்கவில்லை. நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்குண்ணே என்று சொல்லி, அந்த நல்ல ரிலேயையும் பிடுங்கி, அதே வேனில் மக்கர் பண்ணிக்கொண்டிருந்த ஹாரனுக்கு மாட்டிவிட்டான். கருப்பணன் வாயில்லாப் பூச்சி. தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. தீபாவளி சீசன், கம்பெனிகளில் மூச்சுவிட நேரமில்லாத வேலை. ஒரு நாள் மத்தியானம் கருப்பணன் மறுபடியும் வந்தார். முன்கண்ணாடியில் ஆவி படிந்து ரோடே தெரியவில்லை என்றார். அது பாதிக் காரணம்தான் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"இந்த வாட்டி கழத்திப் பாத்துரு தம்பி. பொம்பளைக கேக்காக."

வேறு ரிலே மாட்டினான். டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தான். மோட்டார் வரைக்கும் கரண்டு வருகிறது, மோட்டார்தான் சுற்றவில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடியால் இரண்டு தட்டு தட்டினான். லேசாக உறுமிவிட்டு அடங்கிப்போனது. வேறு வழியில்லாமல் முன்சீட்டுக்குக் கீழே தலையைக் கொடுத்துப் படுத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஃபேனோடு மோட்டாரை வெளியே எடுத்தான்.

மோட்டார்த் தண்டில் நூல்கண்டு மாதிரி தலைமுடி சுற்றியிருந்தது. நீள நீளமான முடி. அதன்மேல் பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பவுடர் ஈரத்தில் அப்பி, சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தது.

"என்னண்ணே, வேன் ஓட்டுறீகளா, சலூன் நடத்துறீகளா?"

கருப்பணன் சிரிக்கவில்லை. மெல்ல மெல்லச் சொன்னார். வெடிமருந்து அடைக்கிற ரூமில் வேலை பார்க்கும் ஒருத்தி, வேலை முடிந்ததும் தினமும் கம்பெனிக் குழாயில் தலைக்கு ஊற்றிவிட்டுத்தான் வேன் ஏறுவாள். மற்றவர்கள் அவளுக்கு முன்சீட்டை விட்டுக்கொடுத்திருந்தார்கள். ஹீட்டர் காற்றில் முடியை விரித்துச் சீவிக்கொண்டே வந்தால் ஊர் போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும். உதிர்ந்த முடியை ஃபேன் இழுத்திருக்கும். ஃபேன் நின்றதிலிருந்து மழையில் ஈரத்தலையோடு போய்ப் போய் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலில் விழுந்துவிட்டாள். இன்றைக்குத்தான் திரும்ப வேலைக்கு வந்திருக்கிறாள்.

"யாருண்ணே அது?"

கருப்பணன் ரோட்டைப் பார்த்தார். "ஓம் பொண்டாட்டிதான்."

அருணாதேவி சித்திரையிலேயே ஏழாயிரம்பண்ணையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டவள். போன வருசம் கடை படுத்துவிட்டபோது கம்பெனி வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கியது அவள்தான். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே ஒரு நாள் இவன் தட்டைத் தள்ளினான். "ஒந்தலையில மருந்து வாடை வீசுது. கொமட்டுது. அங்கிட்டுப் போ" என்றான். இத்தனைக்கும் இவனைப் பெற்றவளும் அதே மருந்தில் உழன்று இவனை ஆளாக்கியவள்தான். அருணாதேவி அந்தத் தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். மறுநாள் துணிப்பையோடு பஸ் ஏறிவிட்டாள். கோபம் தணிந்தால் வருவாள் என்று இவன் வீராப்பாக இருந்துவிட்டான்.

"அவ அம்மா வீட்டுல யாரு என்ன சொல்லப் போறா? அங்க எல்லாருக்கும் அதே வாடைதான்," என்றார் கருப்பணன். "எதுக்குத்தா தெனமும் ஊத்துறேன்னு கேட்டேன். 'இன்னும் வாடை போகல மாமா'ங்கா."

மாரிக்கண்ணனுக்கு அந்த ஃபேனைக் கையில் வைத்திருக்கவே முடியவில்லை. தான் சொன்ன ஒரு சொல்லை அவள் இத்தனை மாதமாகத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கே சோம்பல் படாமல் கழற்றியிருந்தால் காய்ச்சலாவது வந்திருக்காது. வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. பிளேடால் முடியை நறுக்கி எடுத்தான். மோட்டாருக்குள் இருந்த கார்பன் பிரஷ்ஷைத் துடைத்து, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டினான். ஃபேன் சுற்றியது. முன்சீட்டில் உட்கார்ந்து காற்றில் கையைக் காட்டினான். சூடு நன்றாக வந்தது. கடையைப் பூட்டிவிட்டு, நானும் வாரேண்ணே என்றான்.

கம்பெனி கேட்டில் வேன் நின்றபோது தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் வந்தார்கள். அருணாதேவி துண்டால் தலையை மூடியிருந்தாள், பாதியாக இளைத்திருந்தாள். இவனைப் பார்த்ததும் நின்றாள். இவன் இறங்கி முன்கதவைத் திறந்து பிடித்தான். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சில் கொஞ்சம்தான் வாய்க்கு வந்தது.

"ஃபேன் ஓடுது. ஒக்காரு. தப்பு எம்மேலதான், வீட்டுக்கு வந்துரு."

அவள் துண்டை எடுத்தாள். இடுப்பு வரைக்கும் இருந்த முடி காதுக்கு மேலே ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது.

"காய்ச்சல் விடல. ஊத்தாமலும் இருக்க முடியல. நேத்து எங்கம்மாவ விட்டு வெட்டச் சொல்லிட்டேன்," என்றாள். பிறகு பின்னால் நின்ற, கூட வேலை பார்க்கும் இருளம்மாளிடம், "பெரியம்மா, முன்சீட்டுல நீங்க ஒக்காருங்க. எனக்கு இனிமே வேண்டியதில்ல," என்றாள்.

ஏறப்போனவள் ஒரு நிமிடம் தயங்கினாள். தலையை இவன் பக்கம் கொஞ்சம் சாய்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இப்ப வாடை அடிக்கலேல்ல?"

அவள் குத்திக்காட்டக் கேட்டிருந்தால் இவன் தாங்கியிருப்பான். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் பின்சீட்டுக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

கருப்பணன் இவனை ஏறச் சொல்லி ஹாரன் அடித்தார். ஹீட்டரிலிருந்து இவன் பிடுங்கி மாட்டிய ரிலேயில் அது கணீரென்று கேட்டது. மாரிக்கண்ணன் திறந்த கதவைப் பிடித்தபடி தூறலில் நின்றுகொண்டே இருந்தான்.