சானலில் குளித்த ரெண்டு கதவு வண்டி

செல்லையனுக்குப் பொய் சொல்ல வராது. இதை நல்ல குணம் என்று நினைப்பவர்கள் காரோடு ஊரை அடுத்த பனமுக்கில் ஒரு வாரம் தங்கிப் பார்க்க வேண்டும். யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் வரும். டீயை ஆற்றிக்கொண்டே சொல்லுவான். டீ ஆறிப்போன பிறகும் சொல்லிக்கொண்டிருப்பான்.

பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க முதலில் வந்து நிற்பது முக்கிலிருக்கும் டீக்கடையில்தான். ராஜையாவின் மகன் அஜீஷுக்கு வந்த மூன்று சம்பந்தங்கள் செல்லையனின் கடை வாசலோடு திரும்பிப் போயிருந்தன. அஜீஷ் ஒன்றும் மோசமானவன் இல்லை. கல்ஃபிலிருந்து வந்து, வீடுகளுக்குக் கேமரா மாட்டிக்கொடுத்து நன்றாகவே சம்பாதிக்கிறான். அவனுடைய ஒரே வில்லங்கம், பெங்களூரிலிருந்து பழையதாக வாங்கிவந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கூபே என்பான் அவன். பனமுக்கு அதற்கு வைத்த பெயர் ரெண்டு கதவு வண்டி. பின்சீட் என்று ஒன்று உண்டு. அதில் தேங்காய் போடலாம், ஆள் உட்கார முடியாது.

போன வருஷத்து மழையில் ஒரு மத்தியானம் அந்த வண்டி வளைவில் திரும்ப மனமில்லாமல் நேரே சானலில், அதாவது ரோட்டோரப் பாசனக் கால்வாயில், இறங்கிவிட்டது. அஜீஷ் ஜன்னல் வழியாக ஏறி வந்துவிட்டான். வண்டி தண்ணீரிலேயே கிடந்து, மறுநாள்தான் ஜேசிபி வந்து தூக்கியது. பனமுக்கு முழுவதும் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. செல்லையனுக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம். அதற்குப் பிறகு அஜீஷைப் பற்றி யார் என்ன கேட்டாலும் அவன் சானலிலிருந்துதான் தொடங்குவான்.

மூன்றாவது சம்பந்தமும் முறிந்த அன்று ராஜையா கடைக்கு வந்தார். கடைக் கட்டிடம் அவருடையது.

“எலே செல்லையா, எனக்க பயலுக்க கல்யாணம் இனி ஒண்ணு உனக்க வாயால முடங்கிச்செண்ணா, அண்ணைக்கே நீ கடைய ஒழிச்சுத் தரணும்.”

“அவங்க கேட்டாங்க, சொன்னேன் அண்ணா. பொய்யா சொன்னேன்?”

“பொய் சொல்லு. அதத்தான் சொல்லுகேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அதே இடத்தில் அடுப்பு வைத்திருப்பவனுக்கு இது லேசான மிரட்டல் இல்லை. பாறசாலைக்குப் போகிற பஸ்ஸும் கடற்கரைக்குப் போகிற பஸ்ஸும் நிற்கிற முக்கு. இப்படி ஒரு இடம் இனிக் கிடைக்காது. செல்லையன் உண்மையாகவே பயந்துபோனான். அவன் மனைவி லீலாபாய் அடுப்புப் பக்கம் நின்று எண்ணெயில் பழம்பொரி பொரித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடையில் அவள் பேசுவது குறைவு. பேச இடம் கிடைத்தால்தானே பேசுவதற்கு.

கொஞ்ச நாள் கழித்து, நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து ஒரு இளம்பெண்ணும் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவரும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் பெயர் ஷாலு. பெரியவர் அவளுடைய தாய்மாமன் ஜாய். ஆளுக்கொரு டீ சொன்னார்கள். ஜாய் இரண்டு வாய் குடித்துவிட்டு, ஏதோ போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

“இஞ்ச ராஜையாக்க மகன் அஜீஷ் எண்ணு ஒருத்தன் உண்டுல்லா. ஆளு எப்படி?”

செல்லையன் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தான். நாலாவது சம்பந்தம் வந்துவிட்டது. அதுவும் பெண்ணே நேரில் வந்து நிற்கிறாள்.

“நல்ல பய ஆக்கும்,” என்றான்.

அடுப்புப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. லீலாபாய் எட்டிப் பார்த்தாள்.

“ரொம்ப வேகமா ஓட்டுவாரோ?” என்று ஷாலு கேட்டாள்.

“வேகமா? நான் ரோட்டில நடந்து போனா எனக்க பின்னாலதான் வருவான் மக்ளே. ஹாரன் அடிக்கதுக்கே அவனுக்கு வெக்கம்.”

“எங்கயாவது இடிச்சது, விழுந்தது உண்டா மாமா?”

சானல் முழுவதும் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஜேசிபி நின்றது, கூட்டம் நின்றது, வண்டியின் உள்ளேயிருந்து கொட்டிய தண்ணீரும் ஒரு தவளையும் வந்து நின்றன. செல்லையன் கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் விழுங்கினான்.

“ஒரு கோழியக்கூட முட்டினதில்ல,” என்றான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த முடிவெட்டுகிற வேலாயுதன் ஒரு கணம் திகைத்துவிட்டு, சங்கதியைப் புரிந்துகொண்டு தானும் கைகொடுத்தான். “வண்டிய பெத்த தள்ளைய போல பாத்துக்கிடுவான். ஞாயிற்றுக்கிழம கழுவித் துடைச்சு சர்ச்சுக்குக் கொண்டு போவான். மத்த நாளு மூடிப் போட்டிருக்கும்.”

ஷாலுவும் ஜாயும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டு ராஜையாவின் வீட்டுக்கு வழி கேட்டுப் போனார்கள். செல்லையனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பொய் என்பது இத்தனை சுலபமான வேலை என்று இவ்வளவு நாள் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

“உங்களுக்கு காய்ச்சல் வல்லதும் உண்டா?” என்று லீலாபாய் கேட்டாள்.

சற்று நேரத்தில் சிவப்பு வண்டி கடை முன்னால் வந்து நின்றது. ஓட்டிவந்தவள் ஷாலு. பக்கத்து சீட்டில் ஜாய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷாலு இறங்கி நேராகச் செல்லையனிடம் வந்தாள்.

“வலிய உபகாரம் மாமா. உங்க வாக்க நம்பியாக்கும் அட்வான்ஸ் கொடுக்கப் போறோம்.”

“அட்வான்ஸா? கல்யாணத்துக்கா?”

ஷாலு சிரித்துவிட்டாள். “எனக்கு கல்யாணம் கழிஞ்சு மகன் ஒண்ணாங் கிளாஸ் படிக்கான். நாங்க இந்த வண்டிய வாங்கதுக்கு வந்தோம். சின்னதில இருந்தே ரெண்டு கதவு வண்டியில எனக்கு ஒரு கிறுக்கு.”

ஜாய் விளக்கினார். “வண்டிய பாக்கதுக்கு முன்ன, அத ஓட்டினவன பாக்கணும் எண்ணு நான் சொல்லுவேன். வண்டிக்கு வந்தோம் எண்ணு சொன்னா புரோக்கர் ஒருத்தன் வந்து இடையில ஏறிருவான். அதனால ஆளப் பத்தி மட்டும் கேட்டோம்.”

“அப்ப இதில கல்யாணம் இல்ல?”

“இல்ல.”

“தீர்ச்சயா இல்ல?”

“இல்ல மாமா.”

செல்லையன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். கடையை விட்டு வெளியே வந்தான். அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து வேலாயுதனும் எழுந்து வந்தான்.

“மக்ளே, அந்த சீட் பெல்ட்ட இழு. பாதி இழுத்தா போராது, தீருகது வரைக்கும் இழு.”

ஷாலு இழுத்தாள். பெல்ட்டின் கடைசி முழத்தில் காய்ந்த சேற்றுக்கறை தெரிந்தது.

“சானல் மண்ணாக்கும். சீட்டக் கழுவலாம், கார்ப்பெட்டக் கழுவலாம், சுருண்டு உள்ள இருக்கத ஆரு கழுவுவா? இனி அந்த மிதியடிக்கு அடியில விரல வச்சு அமுக்கு. மோந்து பாரு. இத்தன சென்ட் எதுக்கு அடிச்சிருக்கான்? டிக்கியத் திறந்து ஸ்டெப்னிய எடு. அது இருந்த குழியப் பாரு, துரு தெரியும்.”

தெரிந்தது. செல்லையன் வண்டியைச் சுற்றி வந்தான். முன்விளக்கு ஒன்று பளிச்சென்று புதிதாக இருந்தது, மற்றதன் உள்ளே ஆவி படிந்திருந்தது. பானெட்டுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே ஒருபுறம் நகம் நுழையாது, மறுபுறம் விரலே நுழைந்தது. பானெட்டைத் திறந்து, போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உதிர்ந்திருப்பதைக் காட்டினான். ஸ்பானர் பட்ட தடம் அது. நீளக் கதவைத் திறந்து அடியிலிருந்து தூக்கி ஆட்டச் சொன்னான். கதவு கீலில் கடகடவென்று ஆடியது.

“நீங்க போனப்ப இஞ்சின் சூடா இருந்ததா?”

“இருந்தது,” என்றார் ஜாய். “இப்பதான் கடைக்குப் போய்ட்டு வந்ததா அவன் சொன்னான்.”

“இண்ணைக்கு அந்த வண்டி இந்த முக்க கடக்கவே இல்ல. வீட்டிலேயே போட்டு சூடாக்கியிருக்கான். விடியக் காலத்த வந்து, இஞ்சின் தணுத்துக் கெடக்கும்போ ஸ்டார்ட் செய்து பாருங்க. பனமுக்கு பாதி புகையில முங்கும்.”

வேலாயுதன் தவளையைச் சேர்த்துக்கொண்டான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஆளுக்கொன்று சேர்த்தார்கள். இத்தனை நாள் கட்டிவைத்திருந்த வாய்கள் எல்லாம் ஒன்றாக அவிழ்ந்தன. ஷாலுவின் முகம் வாடிப்போனது. ஆசைப்பட்ட பொருள் கண் முன்னால் கெட்டுப்போவது சங்கடம்தான். இருந்தாலும் அவள் செல்லையனைக் கும்பிட்டுவிட்டு, வண்டியை மெதுவாக ஓட்டித் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

சாயங்காலம் ராஜையாவும் அவர் மனைவி ஞானபாயும் வந்தார்கள். செல்லையன் பயப்படவில்லை.

“அண்ணா, கல்யாணம் பத்தி ஒரு வார்த்த நான் சொல்லல்ல. வண்டியப் பத்தி மட்டுமாக்கும் சொன்னேன். அஜீஷ தங்கம் எண்ணு சொன்னேன், வேலாயுதனுட்ட கேளுங்க.”

 ஞானபாய்தான் பேசினாள்.

“காட்டாக்கடையில ஜிஜா எண்ணு ஒரு பிள்ளைய பேசி வச்சிருக்கோம். அவளுக்கு அஜீஷ பிடிச்சுப் போச்சு, வண்டியத்தான் பிடிக்கல்ல. நிச்சயத்துக்கு முன்ன அந்த வண்டி வீட்ட விட்டுப் போகணும், இல்லாட்டி நான் வரமாட்டேன் எண்ணு சொல்லிட்டா. நிச்சயம் வாற ஞாயிறு. வாங்க வந்தவளையும் நீ விரட்டிட்ட.”

செல்லையன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். “ஒரு வார்த்த எனட்ட சொல்லியிருக்கலாம்லா அக்கா.”

“உனக்க காதில விழப்பிடாது எண்ணுல்லா ஊரறியாம பேசினோம்.”

ராஜையா கடையின் சுவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. அப்போது அடுப்புப் பக்கமிருந்து லீலாபாயின் குரல் வந்தது.

“வண்டி இஞ்ச கெடக்கட்டும் அண்ணா. வீட்ட விட்டுப் போனா போராதா?”

எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. வண்டியை விற்றுக்கொடுத்தால் கடை செல்லையனுக்கு, விற்காவிட்டால் இல்லை என்று ராஜையா தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

சிவப்பு வண்டி கடையின் பக்கவாட்டில் வந்து நின்றது. ஜிஜாவுக்கும் அஜீஷுக்கும் நிச்சயம் நடந்தது, கல்யாணமும் நடந்தது. செல்லையன் சாப்பாட்டுக்குப் போனான், ஆனால் பாயாசம் இறங்கவில்லை. வண்டியைக் கேட்டு யாரும் வரவில்லை. வருவார்களா? அதன் கதையைப் பாறசாலை வரைக்கும் சொல்லி வைத்தவன் அவன்தானே.

லீலாபாய் மட்டும் மத்தியானங்களில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வாள். கடையில் அவள் பக்கம் ஒரு ஸ்டூல் கூடக் கிடையாது. இங்கே சாய்ந்து உட்காரலாம், ஏசியும் உண்டு. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சஜி அவ்வப்போது வந்து பானெட்டைத் திறந்து ஏதோ செய்துவிட்டுப் போவான். ராஜையா அனுப்புகிறார் என்று செல்லையன் நினைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளிர் சங்கக் கூட்டம் என்று அவள் வெளியே போவாள். சங்கத்துக்கு இத்தனை கூட்டம் எதற்கு என்று அவன் கேட்டதில்லை.

ஒருநாள் வெள்ளறடையிலிருந்து வந்த ஒருவர் டீ குடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரப்பர் தோட்டக்காரர், கையில் பசை உண்டு என்று பார்த்தாலே தெரிந்தது.

“இது கொடுக்கதா? வண்டி எப்படி?”

செல்லையன் பல்லைக் கடித்துக்கொண்டான். சானல் வந்தது, தவளை வந்தது. எல்லாவற்றையும் உள்ளே தள்ளினான். கடை போகாமல் இருக்க வேறு வழியில்லை.

“ஒண்ணாந்தரம் வண்டி,” என்றான்.

“சானல்ல கெடந்த வண்டியாக்கும்,” என்றாள் லீலாபாய். கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். “சீட் பெல்ட்ட தீர இழுத்துப் பாருங்க, கறை இருக்கும். ஸ்டெப்னிக் குழியில துரு உண்டு. அடிப்பாகம் ரொம்ப தாழ்வு, உங்க மலை ரோட்டில ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறினா வயிறு உரசும்.”

வெள்ளறடைக்காரர் குனிந்து பார்த்தார், பெல்ட்டை இழுத்தார், டீக்குக் காசு வைத்தார், போய்விட்டார்.

“எடீ,” என்றான் செல்லையன். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. “ராஜையா அண்ணன் கடைய ஒழிக்கச் சொல்லுவாரு.”

“சொல்ல மாட்டாரு. வண்டி போன மாசமே வித்தாச்சு.”

“ஆருக்கு?”

“எனக்கு. சிட்டிச் சீட்டு பிடிச்ச பணம் கொடுத்தேன். சஜி இஞ்சினும் கதவும் செரியாக்கித் தந்தான். ஆர்சி எனக்க பேரிலயாக்கும்.”

“அத அந்த வெள்ளறடைக்காரருட்ட சொல்லக்கூடாதா, விக்கதுக்கு இல்ல எண்ணு?”

“விக்கதுக்கு இல்ல எண்ணு சொன்னா விலைய ஏத்துவாரு. உங்களுக்கு ஆசை வந்திரும்.”

செல்லையன் திரும்பி வேலாயுதனைப் பார்த்தான். வேலாயுதன் அவசரமாகப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ் வராத திசையைப் பார்த்தார்கள். ராஜையாவுக்குத் தெரியும், ஞானபாய்க்குத் தெரியும், புதிதாக வந்த ஜிஜாவுக்குக்கூடத் தெரியும்.

“எனட்ட மட்டும் ஒருத்தரும் சொல்லல்லியே,” என்றான்.

லீலாபாய் கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள்.

“சங்கக் கூட்டம் எண்ணு போயி ஓட்டப் படிச்சேன், லைசென்ஸ் டெஸ்டில ஒருக்கா தோத்தேன். தெரிஞ்சிருந்தா அதயும் டீயோட சேத்துக் கொடுத்திருப்பிய.”

அவனுக்கு வலித்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லாததால் இன்னும் கூடுதலாக வலித்தது.